காத்துக்கு முதுகைக் காட்டு, மருமவனே

வா மருமவனே, திண்ணையில இரி. தோள்ல கெடக்குத பையை மொதல்ல எறக்கு. கூந்தன்குளத்துக்குப் பறவை பாக்க வந்திருக்கியா, இல்ல ஊரக் காலி பண்ணிக் குடியே வந்துட்டியான்னு கேக்க நெனச்சேன். கேக்கல. மாமன் மரியாதை தெரிஞ்சவன்.

நீ ஒண்ணொண்ணா எடுத்து அடுக்குனத நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கேமரா ரெண்டு. 150-600 லென்சு ஒண்ணு, அதுவே ரெண்டு கிலோ. முக்காலி ஒண்ணு, அதுக்கு மேல அசைஞ்சு குடுக்க ஒரு தலை. புல்லு நெறத்துல சட்டை, அதே நெறத்துல தொப்பி, லென்சுக்கும் அதே நெறத்துல ஒரு உறை. பலே. நாத்து நடுத பொம்பளைக செவப்புச் சேலையில நிக்காக, நான் வெள்ள வேட்டியில நிக்கேன், எங்க காலடியில கொக்கு மேயுது. டிராக்டர் உழுத எடத்துல பத்தடி விட்டுக் கூட்டமா நடக்குது. ஒன்னப் பாத்தா மட்டும் புதருன்னு நெனச்சு ஏமாறணும்னு நீ நெனைக்க. ஏமாறட்டும். ஆனா அந்தப் புதரு போனைக் காதுல வச்சுக்கிட்டு "மச்சி, லொக்கேசன் அனுப்பு"ன்னு கத்துச்சுன்னா, எந்தப் பறவை மருமவனே பக்கத்துல வந்து உக்காரும்?

இப்ப அந்த 600-உம் பத்தலையாம். எஃப் 4 வாய் தொறக்குத பெரிய லென்சு வேணுமாம். வாங்கிரு. பத்து லட்சத்துக்கு மேல ஆகும்ங்காக. இருக்கட்டும், ஒங்கப்பன் வித்த வயலு போக இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்குல்லா? ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. வெயில் ஏறி ஒம்பது மணி தாண்டுச்சுன்னா கொளத்து மேல கானல் எந்திரிச்சிரும். தூரத்துல நிக்குத நாரை நெளியும். சின்ன லென்சு அந்த நெளிவ மங்கலா எடுக்கும். பத்து லட்சத்து லென்சு அதே நெளிவத் துல்லியமா எடுத்துக் குடுக்கும். அம்புட்டுதான் வித்தியாசம்.

நம்ம திருநேலியில 1912ல பொறந்தவரு மா. கிருஷ்ணன். நாவல் எழுதுன மாதவையா மகன். காட்டு மிருகத்தப் படம் புடிச்சதுல இந்த நாட்டுக்கே முன்னோடி. 1960ல பத்மஸ்ரீ குடுத்தாக. அவரு தூக்கிக்கிட்டு அலைஞ்ச கேமரா எந்தக் கடையிலயும் கெடைக்காது. ஒடம்பு ஒரு கம்பெனி, லென்சு இன்னொரு கம்பெனி. தானே ஒட்டுப்போட்டுச் சேத்து, அதுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேரும் வச்சுக்கிட்டாரு. அதுல கறுப்பு வெள்ளையில எடுத்த யானைய இன்னைக்கும் ஆளுக வாயப் பொளந்து பாக்காக. பாவம், அவருக்கு ஒரே ஒரு கொறை. ஒன்ன மாதிரி புதுக் கேமராப் பெட்டியத் தொறந்து வீடியோ போட வழியில்ல. எந்தப் பெட்டியத் தொறக்க?

சரி, காசு குடுத்தாலும் கெடைக்காத சாமான் ஒண்ணு இருக்கு, சொல்லுதேன் கேளு. காத்து. பறவை எறங்குததும் ஏறுததும் காத்துக்கு எதிர்மொகமா. தூத்துக்குடிக்கு வாகைகுளத்துல வந்து எறங்குத ஏரோப்ளேனுக்கும் இதே கணக்குதான். அப்ப, காத்து ஒன் முதுகுல அடிச்சா, எறங்குத கூழைக்கடா ஒன் மூஞ்சியப் பாத்து வரும். காத்து ஒன் மூஞ்சியில அடிச்சா, ஒனக்கு வாய்க்கிறது அதோட பின்பக்கம். ஒன் ஹார்ட் டிஸ்கைத் தொறந்து பாரு, பாதிக்கு மேல வாலாத்தான் இருக்கும். மார்கழி தையில வாடை வடகெழக்க இருந்து வருது. காலை வெயிலும் கெழக்க இருந்து வருது. கொளத்துக்குக் கெழக்க நின்னு மேக்க பாரு, ரெண்டும் முதுகுப் பக்கம். ஆனி பொறந்தா மேகாத்து. அப்ப சாயங்காலம் மேக்க நின்னு கெழக்க பாரு. செலவு ஒரு பைசா கெடையாது. அதனாலதான் எவனும் இதப் பத்தி ஒனக்கு விளம்பரம் காட்டல.

அடுத்து, ஒன் கேமராவுக்குள்ள ஒரு மீட்டரு இருக்கே, அதுக்கு ஒலகத்துல ஒரே நெறந்தான் தெரியும்: நடுச்சாம்பல். வெள்ளக் கொக்கு படம் நெறைய நின்னா, வெளிச்சம் கூடிப்போச்சுன்னு அதுவா இருட்டாக்கிரும். அப்ப எக்ஸ்போஷர பிளஸ்ல வையி. அதே கொக்கு சின்னதா, கறுத்த தண்ணிக்கு முன்னால நின்னா, தண்ணிய வெளுக்கப் போயி கொக்க வெளுத்துக் காயிதமாக்கிரும். அப்ப மைனசுல வையி. நீ ரெண்டையும் ஆட்டோவுல விட்டுட்டு, "லைட்ரூம்ல பாத்துக்கிடலாம் மாமா"ங்க. வெளுத்துப்போன எடத்துல எறகே பதியல மருமவனே. பதியாத எறக எந்த ரூமுல போயித் தேடுவ?

பறக்குத பறவைக்கு ஷட்டர 1/2000 செகண்டுல வையின்னு ஒன் கூட்டாளி சொன்னான். நீ 1/200ல எடுத்தப்பொறம், கலங்கிக் கெடந்த படத்தக் காட்டி, "இது ஆர்ட் மாமா, மோஷன்"ன்ன. நானும் தலைய ஆட்டுனேன். ஆர்ட்டுன்னு சொல்லிட்டா அப்பொறம் பேச ஆளு கெடையாது. அதே மாதிரி நின்ன வாக்குல மேல இருந்து கீழ எடுக்காத. தண்ணிக்குப் பக்கத்துல படு, பறவையோட கண்ணு மட்டத்துக்கு எறங்கு. நாரைக்கு முன்னால குனியுததுல கௌரவக் கொறச்சல் ஒண்ணுமில்ல. ஆபீசுல யாரு யாருக்கோ குனியத்தான செய்ய?

பொறவு அந்த வெரலு. செகண்டுக்கு இருவது படம் புடிக்குமாம் ஒன் கேமரா. பழைய ரோலு ஒண்ணுல 36 படம். ஒன் வெரலு அத ரெண்டு செகண்டுல தின்னு முடிச்சிரும். ஒரு நிமிசம் அமுக்குனா ஆயிரத்து இருநூறு. அத்தனையிலயும் அதே கூழைக்கடா. ராத்திரி முழுக்க லேப்டாப்பு முன்னால உக்காந்து, இதுல றெக்க ஒரு நூலு மேல, அதுல ஒரு நூலு கீழன்னு பாத்துக்கிட்டு இருக்க. ஒங்கம்மையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஒங்கப்பன் இவ்வளவு நேரம் பாக்கல. நான் பக்கத்துலதான் நின்னேன்.

எடுத்தாச்சு. இனி மெழுகுத வேல. நான் அதுக்கு எதிரி கெடையாது, கேட்டியா. நாங்குநேரியில ஒரு ஸ்டூடியோவுல கொஞ்ச காலம் எடுபிடியா நின்னவன் நான். நெகட்டிவு மேல கூர்ப் பென்சில வச்சு அம்மத் தழும்ப மூடுவாக. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கன்னத்துல ரோஸ் பூசுவாக. செத்தவரு கண்ண மூடிக் கெடப்பாரு. படத்துல கண்ணத் தொறந்து வரைஞ்சு வீட்டுக்குக் குடுப்பாக. பின்னால தாஜ்மகால் திரை தொங்கும். ஆனா அது திரைங்கிறது எடுக்கவனுக்கும் தெரியும், நிக்கவனுக்கும் தெரியும், வீட்டுக்கு வந்து பாக்கவனுக்கும் தெரியும். ஆக்ராவுக்குப் போயிட்டு வந்தேன்னு எவனும் சொன்னதில்ல.

நீ என்ன பண்ணுத? 2020ல இருந்து போட்டோசாப்புல வானத்தையே மாத்துத வசதி வந்துட்டு. காலைல எடுத்த நாரைக்குப் பின்னால அந்தி வானத்தக் கொண்டாந்து ஒட்டியிருக்க. நாரை நெஞ்சுல வெயிலு பளிச்சுன்னு முன்னால இருந்து அடிக்கு. பின்னாலயும் சூரியன் செவசெவன்னு எறங்குது. முன்னால ஒரு சூரியன், பின்னால ஒரு சூரியன். இருக்குத ஒத்தச் சூரியனையே சித்திரையில எங்களால தாங்க முடியல மருமவனே.

பூநாரைக்கு அந்தச் செவப்பு, திங்குத தீனியில இருந்து ஏறுதது. இளசு சாம்பல் நெறத்துலதான் நிக்கும். நீ கலர்க் கம்பிய வலது பக்கம் கோடி வரைக்கும் தள்ளி, இளசு கெழடு பாக்காம எல்லாத்தையும் ரோஸ்மில்க்குல முக்கி எடுத்திருக்க. மஞ்சமூக்கு நாரைக்கு வாலுகிட்ட கொஞ்சமா ரோஸு இருக்கும். அது கொஞ்சமா இருக்கதுதான் அதுக்கு அழகு. நீ செய்யவேண்டியது ஒண்ணு விட்டுப்போச்சு. கொளத்துத் தண்ணி படத்துல ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கு. அதக் கொஞ்சம் நிமித்து, வடிஞ்சு எங்க வயலுக்குள்ள வந்துரப்போகுது. நிழல்ல கெடக்க கண்ண லேசாத் தூக்கு. ஓரத்துல நீட்டுன குச்சிய வெட்டு. அதோட கைய எடு. மூலையில ஒன் பேரப் போடுதயே, அதையும் சின்னதாப் போடு. கலியாணத்துக்குக் குடுத்த குத்துப்போணியில பேரு வெட்டுன கணக்கா, நாரை வயித்து மேலயா போடுவாக?

வெளையாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். இத மட்டும் காதுல வாங்கிக்கோ. கூட்டுக்கிட்டப் போகாத. தாய் எந்திரிச்சுப் பறந்தா, முட்டைய எடுக்கக் காக்கா காத்துக்கிட்டு இருக்கு. காக்கா விட்டாலும் வெயிலு விடாது. அரசாங்கம் இந்தக் கொளத்த 1994லதான் சரணாலயம்னு அறிவிச்சுது. அதுக்கு ரொம்ப முன்னாலயே, எங்க வீட்டு மரத்துல கூடு கட்டுனதுக எங்க வீட்டுப் புள்ளைகன்னு ஆளுக வச்சுக் காத்தாக. அதுக எச்சம் கரைஞ்ச தண்ணிதான் எங்க வயலுக்கு உரம். தீவாளிக்குக்கூட வெடி போடாத ஊரு இது. இங்க வந்து பைக்குள்ள இருந்து டிரோன எடுத்தேன்னு வையி, வனத்துறை வரதுக்கு முந்தி எங்க ஊருக் கெழவிக வந்துருவாக. வனத்துறைகிட்டயாவது தப்பிச்சுக்கிடலாம்.

ஊருக்குப் போயி லென்ச பீரோவுல பூட்டி வைக்காத. நம்ம ஊரு ஈரத்துக்குக் கண்ணாடியில பூஞ்சை புடிச்சிரும். காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா பொட்டணத்தோட போடு. அதவிட நல்ல மருந்து, வாராவாரம் எடுத்துப் புழங்கு. எடுத்ததுல நாலு படத்தையாவது காயிதத்துல போட்டுச் சொவத்துல மாட்டு.

இவ்வளவும் சும்மாவா சொன்னேன்? தையில எங்களுக்கு அறுபதாங் கலியாணம். போட்டோக்காரன் யானை வெலை சொல்லுதான். நீதான் இருக்கியே. காத்தப் பாத்து, வெயிலப் பாத்து, ஒங்க அத்தைய ஒரு படம் எடு. வானத்த மாத்தணும்னா மாத்திக்கோ, எனக்கு ஆட்சேபணை இல்ல. அந்த மொகத்த வழவழப்பாக்குத பட்டன மட்டும் தொட்டுராத. தொட்டேன்னா, "அப்ப நேர்ல நான் எப்படி இருக்கேன்?"னு என்னத் திரும்பிப் பாத்து ஒரு கேள்வி கேப்பா. அதுக்குப் பதில் சொல்லுத லென்சு இன்னும் எந்தக் கம்பெனியிலயும் வரல.