வேலைவெட்டி இல்லாத செல்

1900களின் தொடக்கத்தில் புற்றுநோய் ஆராய்ச்சி என்றால், ஒரு சுண்டெலியின் கட்டியை நறுக்கி இன்னொரு சுண்டெலிக்குள் செருகுவது. கோபன்ஹேகனில் யென்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1903இல் இதை ஆரம்பித்து வைத்தார். ஐரோப்பா முழுக்க எலிகளுக்குச் சனி பிடித்தது. சுண்டெலிக் கட்டியைப் பெரிய எலிக்கு மாற்றினால் மட்டும் சில நாள் வளர்ந்துவிட்டுக் கரைந்துபோகும். ஏன்? கட்டிக்கு அங்கே தோதான சாப்பாடு கிடைக்கவில்லை, பட்டினிச் சாவு என்று தீர்ப்பெழுதினார் எர்லிக். நோபல் வாங்கிய ஜெர்மன் பேராசிரியர் சொன்னால் எலிகூட மறுத்துப் பேசாது.

நியூயார்க் ராக்பெல்லர் இன்ஸ்டிடியூட்டில் ஜேம்ஸ் மர்ஃபி என்ற இளைஞர் எலிக் கட்டியைக் கோழி முட்டைக்குள் வைத்தார். எலிக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கட்டி கொழுகொழுவென்று வளர்ந்தது. சாப்பாட்டு வாதம் அம்பேல். குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கும்போதுதான் கட்டிக்குக் கஷ்டகாலம். பெரிய கோழியின் மண்ணீரலிலோ எலும்பு மஜ்ஜையிலோ ஒரு துணுக்கைக் கூடவே வைத்தால், இளங்கருவிலும் கட்டி பிழைக்கவில்லை. ஈரல் துணுக்கை அது சட்டையே செய்யவில்லை. வந்த விருந்தாளி பட்டினியில் சாகவில்லை. வீட்டுக்காரன் அடித்துக் கொல்கிறான்.

யார் அந்த வீட்டுக்காரன்? மர்ஃபி சந்தேகப்பட்டது லிம்ஃபோசைட் என்ற வெள்ளை ரத்தச் செல்லை. எக்ஸ்ரே பட்டால் முதலில் மடிவது அந்த வகைச் செல்தான் என்று லைப்சிக்கின் ஹைனெக்கே ஏற்கெனவே காட்டியிருந்தார். மர்ஃபி பெரிய எலிகளுக்குத் தாராளமாக எக்ஸ்ரே கொடுத்தார். சுண்டெலிக் கட்டி அவற்றுக்குள் சொந்த ஊர்போலக் குடியேறியது. 1914இலேயே அச்சில் வந்த சங்கதி இது.

அதோடு விட்டிருக்கலாம். எக்ஸ்ரேயை அளவாகக் கொடுத்தால் லிம்ஃபோசைட் பெருகி எதிர்ப்பும் கூடும் என்று அடுத்த வருடமே எழுதினார். அதே கதிர் கொல்லவும் செய்யும், வளர்க்கவும் செய்யும் என்றால் கேட்பவன் என்ன செய்வான்? கேட்கவில்லை. நோயியல் வாத்தியார்களுக்கு லிம்ஃபோசைட் என்பது ரத்தத்தில் சும்மா சுற்றும் தண்டச்சோறு. மர்ஃபியும் 1920களில் அலுத்துப்போய் அதைக் கைவிட்டார். மிச்சக் காலத்தில், தன்னை ஆய்வுக்கு அழைத்துவந்த பெய்டன் ரவுஸ் கண்டுபிடித்த, கோழிகளுக்குப் புற்று உண்டாக்கும் வைரஸ், வைரஸே இல்லை என்று வாதாடினார்.

1950இல் மர்ஃபி இறந்தார். அதற்குப் பிறகுதான் ஆக்ஸ்ஃபோர்டில் கவன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், லிம்ஃபோசைட்தான் நோயெதிர்ப்பின் ஆள் என்று நிறுவினார். ரவுஸுக்கு 1966இல், 87 வயதில், நோபல் வந்தது. அந்த வைரஸுக்காகத்தான்.