விலக்கப் போனவன்

மாமா அவர்களுக்கு மருமகன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.  

தங்கள் கடிதத்தில் குழந்தைகளின் படிப்பு, என் முதுகுவலி, இவ்விடத்துக் குளிர் எல்லாவற்றையும் கிரமமாக விசாரித்துவிட்டு, கையெழுத்துக்குக் கீழே ஓரமாக, ‘மாப்பிள்ளை மைதானத்தில் யாருடனோ கைகலந்து ஆட்டத்திலிருந்தே தள்ளிவைக்கப்பட்டதாகக் கேள்வி, இந்த வயதில் இது தேவைதானா?’ என்று கேட்டிருந்தீர்கள். தங்கள் குமாரத்தி தன் தாயாருக்குச் சொன்ன செய்தி, சமையலறையிலிருந்து திண்ணைக்கு வந்து சேர்வதற்குள் இவ்வளவு வளர்ந்திருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. நான் கைகலக்கவில்லை, கைகலந்த இருவரை விலக்கிவிடப் போனேன், அதற்காகவே தண்டிக்கப்பட்டேன். இதைத் தொலைபேசியில் சொன்னால் அத்தை பாதியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தங்களிடம் கொடுத்துவிடுவார்கள், தாங்கள் காதில் சரியாக விழவில்லை என்பீர்கள் என்பதனால், விஸ்தாரமாகக் கடிதமே எழுதுகிறேன்.

நாங்கள் ஞாயிறுதோறும் ஆடும் ஆட்டத்துக்கு ஸாஃப்ட்பால் என்று பெயர். இது பிறந்ததே இந்தச் சிகாகோ நகரில்தான். 1887ஆம் வருஷம் நன்றியறிதல் பண்டிகையன்று, ஹார்வர்டு சர்வகலாசாலைக்கும் யேல் சர்வகலாசாலைக்கும் நடந்த பந்தயத்தின் முடிவைத் தெரிந்துகொள்வதற்காக ஃபாரகட் படகுச் சங்கத்தின் கூடத்தில் காத்திருந்த வாலிபர்களில் ஒருவன், பொழுது போகாமல் ஒரு பழைய குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, மற்றொருவன் அதைக் கையில் அகப்பட்ட கழியால் அடித்துத் திருப்ப, அங்கிருந்த ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையையே சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக்கட்டையை மட்டையாக்கி, தரையில் கோடு கிழித்து ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார் என்பது சரித்திரம். குத்துச்சண்டைக் கையுறையின் வயிற்றில் பிறந்த ஆட்டத்தில் எப்போதாவது பூர்வ வாசனை தலைகாட்டினால் அதில் குற்றம் என்ன இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மற்ற ஊர்களில் பன்னிரண்டு அங்குலச் சுற்றளவுள்ள பந்தை, கையில் தோலுறை மாட்டிக்கொண்டு பிடிக்கிறார்கள். சிகாகோவாசிகளின் சம்பிரதாயமோ 16 அங்குலப் பந்தை வெறுங்கையால் பிடிப்பது. நம் பூசணிப் பிஞ்சைவிடப் பெரிதான அந்தப் பந்து, ஆட்டம் போகப்போக அடிபட்டு மிருதுவாகும் என்கிறார்கள். ஆரம்பத்தில் அது கல். 1977ஆம் வருஷம் இவ்வூர்ப் பூங்கா நிர்வாகம் கையுறையை அனுமதித்தபோது, மைக் ராய்கோ என்ற பிரசித்தி பெற்ற பத்திரிகை எழுத்தாளர் நீதிமன்றத்துக்கே போய் வழக்காடி, வெறுங்கையால் பிடித்து விரலை முறித்துக்கொள்ளும் ஜனங்களின் பரம்பரைப் பாத்தியதையை நிலைநாட்டினாராம். அந்தப் பாத்தியதையை நானும் அனுபவித்துவிட்டேன். கல்யாணத்தில் தாங்கள் போட்ட மோதிரம் இனி அந்த விரலில் ஏறாது, கோபிக்க வேண்டாம்.

ஆட்டத்தில் இத்தனை முரட்டுத்தனம் இருந்தாலும், ஆடுகிறவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு ஆட்டத்தை நடத்தும் சங்கத்தார் எழுதி வைத்திருக்கும் விதிகளைப் படித்தால், ஏதோ ஆசிரமத்தில் சேருகிறோமோ என்ற மயக்கம் உண்டாகும். பருவத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். மட்டையை வீசக் கூடாது. வசை மொழி கூடாது. நடுவரிடம் அணித்தலைவர் ஒருவரைத் தவிர வேறு எவரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் காரியாலய அணியின் தலைவி என் மூத்த பெண்ணைவிடச் சற்றே பெரியவள். ஆகவே எனக்குக் கண்ணெதிரே அநியாயம் நடந்தாலும் நான் அந்தப் பெண்ணிடம் போய் முறையிட, அவள் அதை நடுவரிடம் போய்ச் சொல்ல, அவர் தலையை ஆட்டிவிட்டுத் தம் தீர்ப்பையே திரும்பச் சொல்வார். பத்து ஓட்டம், பதினைந்து ஓட்டம் என்று ஒரு கட்சி வெகுதூரம் முந்திவிட்டால், தோற்கிறவர்களின் மனம் நோகாமலிருக்க, ஏழு சுற்று முடிவதற்கு முன்பே ஆட்டத்தை நிறுத்திவிடுகிற கருணையும் இந்தச் சட்டத்தில் உண்டு. எல்லாம் முடிந்தபின் இரு கட்சியாரும் எதிரெதிரே வரிசையாக நடந்து, ஒருவர் உள்ளங்கையை ஒருவர் தட்டி, ‘நல்ல ஆட்டம், நல்ல ஆட்டம்’ என்று ஆள்தோறும் உச்சரித்துக்கொண்டு போக வேண்டும். நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து உண்மையாகவே குசலம் விசாரிக்க நின்றுவிடுவதால், எனக்குப் பின்னால் வரிசை தேங்கிவிடுகிறது.

சம்பவத்துக்கு வருகிறேன். எங்கள் கட்சிக் கணக்கர் ஓர் ஓட்டம் எடுப்பதற்காக மூன்றாவது தளத்திலிருந்து கடைசியான வீட்டுத் தளத்தை நோக்கி ஓடி வந்தார். அங்கே பந்துக்குக் காத்திருந்தவர் எதிர்க்கட்சிப் பல் வைத்தியர். ஓடுகிறவன் சறுக்கிப் போக வேண்டும் அல்லது ஒதுங்கிப் போக வேண்டும், மோதக் கூடாது என்பது விதி. கணக்கர் சறுக்கினாரா, மோதினாரா, சறுக்கிக்கொண்டே மோதினாரா என்பது இன்றுவரை தர்க்கத்துக்கு உரிய விஷயம். இருவரும் புழுதியில் உருண்டு எழுந்து, ஒருவர் சட்டையை ஒருவர் பற்றினார்கள். நான் அப்போது பெஞ்சில் உட்கார்ந்து என் முறைக்குக் காத்திருந்தேன். சட்டையைப் பிடித்ததைப் பார்த்ததுதான் தெரியும். தேரடியில் வாய்க்கால் தண்ணீர் விவகாரத்தில் அண்ணன் தம்பி இருவர் நடுவே தாங்கள் புகுந்து, மேல்துண்டு இரண்டாகக் கிழிந்து வீடு திரும்பிய அன்று நானும் கூட இருந்தவன் அல்லவா? கால்கள் தாமாகவே கிளம்பிவிட்டன.

நான் ஓட, என்னைப் பார்த்துத் தங்கள் குமாரத்தியும் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்து, பல் வைத்தியரின் கையருகே கிடந்த மட்டையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, இருவரையும் சுத்தமான தஞ்சாவூர்த் தமிழில் கண்டித்தாள். அவர்களுக்கு ஓர் எழுத்துக்கூடப் புரியாவிட்டாலும், வீட்டிலே தாயாரிடம் வாங்கிய அநுபவம் எல்லாத் தேசத்தாருக்கும் உண்டு போலும். உடனே கையை எடுத்துவிட்டார்கள். காரியம் சுபமாக முடிந்தது என்று நான் கணக்கரின் முதுகிலிருந்த புழுதியைத் தட்டிக்கொண்டிருக்கையில், நடுவர் மூன்று பேரை வெளியேறச் சொன்னார். மூன்றாவது ஆள் யார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

வெளியேறுவது என்றால் பெஞ்சுக்குப் போவதன்று. வெளியேற்றப்பட்டவன் மைதானத்திலிருந்து கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்துக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் அவனுடைய கட்சியே தோற்றதாக அறிவிக்கப்படும். அங்கே அப்படிப்பட்ட இடம் கார்கள் நிற்கும் திடல் ஒன்றுதான். கணக்கரும் பல் வைத்தியரும் எனக்கு முன்பே அங்கு வந்து, பல் வைத்தியருடைய காரின் பின்கதவைத் திறந்துபோட்டு அதன்மேல் அருகருகே உட்கார்ந்து, கணக்கருடைய கடைவாய்ப் பல் ஒன்றைப் பற்றி ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அனுப்பிய முறுக்கு என் பையில் இருந்தது, கொடுத்தேன். அந்தப் பல்லால் அதைக் கடிக்க வேண்டாம் என்று வைத்தியர் தடுத்துவிட்டு, கணக்கரின் பங்கையும் தாமே சாப்பிட்டார். நான் இல்லாத அந்த மிச்ச நேரத்தில் எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது என்பதைத் தாங்கள் வெளியில் சொல்ல வேண்டாம்.

மறுநாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. சண்டை நடக்கும்போது பெஞ்சை விட்டு இறங்குகிறவன், எக்காரணம் பற்றி இறங்கினாலும், அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, அடுத்த ஆட்டத்துக்கும் தள்ளிவைக்கப்படுவான் என்று விதியில் இருக்கிறதாம். சமாதானம் செய்யவே இறங்கினேன் என்று நான் எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது. பெஞ்சு என்பது எது, மரப்பலகையா, அதைச் சுற்றிய கம்பிவேலியா என்று கேட்டேன். வேலி என்றார்கள். அப்படியானால் வேலியின் வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு, ‘வேண்டாம் ஐயா, விட்டுவிடுங்கள்’ என்று கையை நீட்டிச் சொன்னால் என்ன தண்டனை என்று கேட்டேன். அதற்கு இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, நடுவரின் யுக்தத்துக்கு உட்பட்டது என்று எழுதினார்கள். சண்டை போடும் இருவரும் உருண்டுகொண்டே வந்து வேலிக்குள் விழுந்துவிட்டால் நான் பெஞ்சை விட்டு இறங்காமலே அவர்களை விலக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். அந்தக் கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. சங்கத்துக் காரியதரிசி என் பெயரைப் பார்த்தாலே உறையைப் பிரிப்பதில்லை என்று கேள்வி. தங்கள் குமாரத்தியின் விஷயத்தில் ஒரு தண்டனையும் இல்லை. அவள் பெஞ்சில் இல்லை. இல்லாத இடத்தை விட்டு எப்படி இறங்க முடியும்? ஆனால் பார்வையாளரின் நடத்தைக்கு அணித்தலைவர் பொறுப்பு என்று இன்னொரு விதி இருக்கிறபடியால், எங்கள் தலைவிக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார்கள்.

காரியாலயத்தில் சிலர் என்னைத் தேற்றினார்கள். இந்த விதியினால் கெட்டவர்களில் நான் முதல்வன் அல்லவாம். 2007ஆம் வருஷத்துக் கூடைப்பந்துப் பந்தயத்தில் ஸான் அன்டோனியோ அணியின் ராபர்ட் ஹாரி, ஃபீனிக்ஸ் அணியின் ஸ்டீவ் நாஷை இடித்துத் தள்ள, பெஞ்சிலிருந்த ஸ்டடமையர், டியாவ் என்ற இருவர் பதறி எழுந்து சில அடிகள் முன்னே வந்துவிட்டார்கள். யாரையும் தொடவில்லை. ஆனாலும் இருவரும் அடுத்த ஆட்டத்தில் ஆடக் கூடாதென்று தீர்ப்பாகி, ஃபீனிக்ஸ் அந்த ஆட்டத்தில் தோற்று, பின்னர் தொடரையும் இழந்தது. இடித்தவருக்கு இரண்டு ஆட்டம், எழுந்தவர்களுக்கு ஆளுக்கு ஓர் ஆட்டம். என்னை அவர்களுடன் ஒரே மூச்சில் வைத்துப் பேசியது எனக்கு ஓரளவு பெருமையாகவே இருந்தது. ஆனால் தொழில்முறைப் பேஸ்பாலில் நேர்மாறான சம்பிரதாயம் என்று டெலிவிஷனில் பார்த்தேன். அங்கே சண்டை மூண்டால் இரு கட்சியாரும் மொத்தமாக ஓடி வந்து, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார்கள். பெஞ்சிலேயே தங்கியவனைத்தான் சகாக்கள் மதிப்பதில்லை. கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவர்களுக்கு இருக்கிற அந்தச் சுதந்திரம், ஞாயிற்றுக்கிழமை வியர்வைக்காக ஆடும் எங்களுக்கு ஏன் இல்லை?

விதிக்கு நியாயம் இல்லாமல் இல்லை, மாமா. இரண்டு பேர் சண்டை இருபது பேர் சண்டையாகாமல் தடுப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லைதான். ஆனால் இந்தத் தேசத்தில் மைதானத்துக்கு வெளியேயும் எல்லோரும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தெருவில் இருவர் உரக்கப் பேசினால், போகிறவர்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நடையைத் துரிதப்படுத்துகிறார்கள். மிஞ்சினால் போலீசுக்குத் தொலைபேசி. சென்ற வருஷம் எனக்கும் என் மேலதிகாரிக்கும் மனஸ்தாபம் வந்தபோது, நடுவில் வந்து ‘என்னப்பா சங்கதி?’ என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. மத்தியஸ்தம் வேண்டுமா என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பும்படி ஒரு படிவம் வந்தது. குறியிட்டேன். படிவம் பெறப்பட்டது என்று பதில் வந்தது. அதோடு சரி.

நம் ஊரில் சண்டை போடுகிற இருவரும், விலக்கிவிட ஒருவர் வந்தே தீருவார் என்ற பரிபூரண விசுவாசத்தின்பேரில்தானே கையையே ஓங்குகிறார்கள்? ‘விடுங்க என்னை, இன்னிக்கு ஒரு கை பார்த்துடறேன்’ என்று திமிறுகிறவன், பிடித்திருப்பவர் நிஜமாகவே கையை விட்டுவிட்டால் என்ன செய்வதென்று விழிப்பான். இங்கே ஒருவரையும் ஒருவரும் பிடித்துக்கொள்ளாத காரணத்தால், எனக்கு இத்தனை வருஷங்களில் ஒருவரிடமும் மனம்விட்டுச் சண்டை போடத் தைரியம் வரவில்லை. கோபம் வந்தால் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தனியாகக் கத்துகிறேன். தாங்கள் பக்கத்துத் தெருவில் இருந்தால் வாரம் ஒருமுறையாவது யாரோடாவது வம்பு வளர்த்திருப்பேன்.

தீர்ப்பின்மேல் அப்பீல் உண்டு. அதற்குக் கட்டணமும் உண்டு. நான் போகவில்லை. எங்கள் தலைவி வேறோர் உபாயம் கண்டுபிடித்திருக்கிறாள். மூன்றாவது தளத்துக்கு அருகில், கோட்டுக்கு வெளியே ஒரு கட்டம் போட்டிருக்கிறது. அதில் எங்கள் கட்சியைச் சேர்ந்த ஒருவர் நின்று, ஓடுகிறவர்களுக்கு ‘ஓடு’, ‘நில்’ என்று கைகாட்டலாம். அவர் பெஞ்சில் இருப்பவர் அல்லர். மைதானத்தில் சட்டப்படி நிற்பவர். சண்டை பெரும்பாலும் மூளுகிற வீட்டுத் தளம் அங்கிருந்து கூப்பிடு தூரம். என் தண்டனை தீர்ந்ததும் அந்த உத்தியோகத்தை எனக்கே கொடுப்பதாக அவள் வாக்களித்திருக்கிறாள். ஓடத் தெரியாதவன் என்பதனாலும் இருக்கலாம். பல் வைத்தியரின் கட்சியோடு மறுபடியும் எங்களுக்கு ஆட்டம் இருக்கிறது. கணக்கருக்கு அவர் கட்டிய பல் சரியாக உட்காரவில்லை என்று இப்போது இருவருக்கும் புதிதாக ஒரு விரோதம் கிளம்பியிருக்கிறது. ஆகவே, சட்டையைப் பிடித்த கையை முதலில் விடுவிப்பதா, ஏசுகிற வாயை முதலில் அடக்குவதா, இருவரில் வலியவனைப் பிடிப்பதா, எளியவனைப் பிடிப்பதா, மேல்துண்டு இல்லாத தேசத்தில் நடுவே நுழைகிறவன் எதைக் குறுக்கே நீட்டுவது என்ற விவரங்களை எல்லாம், தங்கள் அநுபவத்திலிருந்து தெளிவாக எழுதி, அடுத்த தபாலிலேயே அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்