குடுமி சும்மா ஆடாது

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. பிள்ளையளுக்குன்னு ஒரு பொம்மை செஞ்சு யூடியூபுல பேச விடப் போறியாம்லா? அது விடியக்காலம் எந்திரிச்சுப் பல்லு விளக்குமாம், பாகக்காயைக் கேட்டு வாங்கித் திங்குமாம், பெரியவங்களைக் கண்டா கும்பிடுமாம். நல்லாருக்குல. எழுவது வருசத்துல அப்படி ஒரு பிள்ளையை நான் பாத்ததில்ல. பொம்மையாவது இருந்துட்டுப் போட்டும்.

நாங்க பாத்த பொம்மை வேற ரகம். தோல்பாவைக் கூத்துன்னு கேட்டிருக்கியா? ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வெட்டி, சாயம் ஏத்தி, பொடிப்பொடியாத் துளை போட்டு வச்சிருப்பாங்க. முன்னால வெள்ளைத் திரை, பின்னால விளக்கு. ஆட்டுறவங்க மண்டிகருங்க. தஞ்சாவூரை மராட்டியர் ஆண்ட காலத்துல இந்தப் பக்கம் வந்தவங்கன்னு சொல்லுவாங்க. வீட்டுக்குள்ள மராத்தி, திரைக்குப் பின்னால நம்மூருத் தமிழு. ராமனுக்கும் சூர்ப்பனகைக்கும் ஒரே தொண்டைதான். ராமாயணம் பத்து நாள் நடக்கும். கடைசி நாள் பட்டாபிசேகம் முடிஞ்சா மழை பெய்யும்னு ஊருக்கு ஒரு நம்பிக்கை. சீதையைத் தூக்கிட்டுப் போனாம்லா, அந்த வாலி...

என்னது, ராவணனா? சரிதாம்ல, வயசாயிட்டு.

அந்தக் கதைக்கு நடுவுல ரெண்டு பேரு வருவானுவ. வால்மீகிக்கும் தெரியாது, கம்பனுக்கும் தெரியாது. உச்சந்தலையில குடுமியை நட்டுக்கிட்டு நிக்கவன் உச்சிக்குடும்பன். கூடவே உளுவத்தலையன். ராமன் காட்டுக்குப் போறான்னு ஊரே மூக்கைச் சிந்தும். இவனுக்குச் சோத்துக் கவலை. அடி வாங்குவான், பொத்துன்னு விழுவான், எந்திரிச்சு அதே தப்பைத் திரும்பவும் செய்வான். ஆத்தா மடியில தூங்குத பிள்ளைகூட அவன் குரலைக் கேட்டா முழிச்சுக்கிடும்.

நீ மட்டும் அவனைப் பாத்துராத. பொழப்பு கெட்டுப்போவும். உன் பொம்மைக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும். பிள்ளை பகல் பூரா பள்ளிக்கூடத்துல "உனக்கு இது தெரியல, அது தெரியல"ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டு வருது. சாயங்காலம் உன் பொம்மையும் நாலு சேத்துப் போடட்டும். உலகத்துலேயே பிள்ளையைவிட ஒரு பிடி மக்கா நின்னவன் உச்சிக்குடும்பன் ஒருத்தன்தான். அவன் தப்பாச் சொல்ல, முன்னால மண்ணுல உக்காந்திருக்குததுக எல்லாம் வாத்தியாரா மாறி "இல்ல, இல்ல"ன்னு கத்தும்.

இன்னொண்ணு. உன் பொம்மை எழுதிக் குடுத்ததை மட்டும் பேசட்டும். ராமன் அப்படித்தான், பாவம், அன்னைக்குப் பேசினதையேதான் இன்னைக்கும் பேசணும். குடுமிக்காரன் சாயங்காலம் டீக்கடையில கேட்டதை ராத்திரி திரையில அவுத்து விடுவான். முன்வரிசையில ஊர்ப் பெரியமனுசன் இருந்தா அவரு வேட்டியையும் சேத்து இழுப்பான். கோவப்பட முடியுமா? தோலைப் புடிச்சு யாருல வழக்குப் போடுவா? எய்ட்ஸ் பத்தி ஊருக்குச் சொல்லணும்னு வந்தப்பக்கூட இந்தத் தோலுகளைத்தான தேடி வந்தாங்க.

இன்னைக்குக் கூத்துக்காரங்க கொறைஞ்சிட்டாங்க. ஆனா எங்க வயசு ஆளுவகிட்டக் கேட்டுப் பாரு. ராமன் என்ன பேசினான்னு கேட்டா மோட்டுவளையைப் பாப்பான். உச்சிக்குடும்பன் எப்படி விழுந்தான்னு கேட்டா, இடுப்பு வலியோட விழுந்தே காட்டுவான்.

சரி, விட்ட இடத்துக்கு வாரேன். அனுமான் கடலை நீந்திப் போயி, இலங்கையில ஈரத்துணியோட கரையேறி...

ஏம்ல துள்ளுத? தாண்டினானா?

பாத்தியா. பல்லு விளக்குத கதை பேசுனப்ப போனுக்குள்ள தலையைக் கவுத்துக் கிடந்தவன் நீ. வாலின்னதும் தலை தூக்கினே. நீந்தினான்னதும் எந்திரிச்சே நிக்கே.

எனக்குக் குடுமி இல்லன்னு எவம்ல சொன்னது?