மார்கழியார்

இனிப் பிறவாமை வேண்டும் என்று கடவுளிடம் விண்ணப்பம் செய்துகொள்வதே நம் நாட்டுப் பெரியோர்களின் பூர்வீக வழக்கமாக இருக்க, பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் கிருபையால் ஜூன் முதல் தேதியிலும், தாயாரின் ஞாபகப்படி மார்கழித் திருவாதிரையிலும், ஜோசியர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கணக்கிட்டுச் சொன்னபடி ஜனவரி 4-ஆம் தேதியிலுமாக மூன்று முறை பிறந்துவிட்டு, அதில் அணுவளவும் சலிப்புக் காட்டாமல், மூன்றில் குளிர் மிகுந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து வருஷா வருஷம் விமரிசையாகக் கொண்டாடுகிற ஒரு வகை மனிதர் கொங்கு நாட்டில் சமீப காலமாகத் தலையெடுத்திருக்கிறார். கொமரலிங்கத்தில் எங்கள் வீதியிலேயே ஒருவர் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் நமக்கு அநாவசியம். மார்கழியார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் முதல் தேதி எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் நகரத்தில் பிறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அந்நாளில் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்துக் கொண்டுவந்து இடது காதைத் தொட்டுவிட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தி; தொட்ட மாத்திரத்தில் தலைமையாசிரியர் பள்ளி திறக்கும் மாதத்துக்கு அனுசரணையாக ஒரு தேதியை எழுதிவிடுவார். ஆகவே என் தலைமுறையில் பாதிப் பேர் காகிதத்தில் கோடையில்தான் பிறந்திருக்கிறோம். அந்தத் தேதியை வங்கியும் ஆதார் அட்டையும் மட்டுமே நினைவில் வைத்திருந்து வாழ்த்து அனுப்புகின்றன. பெற்ற தாயார் அனுப்புவதில்லை. மார்கழியாரின் தாயாரைக் கேட்டால், ஆருத்ரா தரிசனத்தன்று விடிகாலையில் பனி மூட்டத்தில் பிள்ளை பிறந்தான், சிவன் கோயிலில் ஓர் அர்ச்சனையும் அடுப்பில் கொஞ்சம் திருவாதிரைக் களியும் போதும், அதற்குமேல் செய்வது சாமிக்குப் போட்டியாகப் போய் முடியும் என்பார்.

ஆனால் பிள்ளைக்கு அது போதவில்லை. போதாமல் போனதற்குத் திருப்பூர்தான் காரணம். 2009-இல் சர்க்கார் புது மாவட்டம் அமைத்துக் கோயம்புத்தூரிலிருந்து எங்கள் ஊரைப் பிரித்துத் திருப்பூரோடு சேர்ப்பதற்கு வெகுகாலம் முன்பே, அமராவதி வாய்க்காலில் நெல்லும் கரும்பும் விளைவித்துக்கொண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் பனியன் கம்பெனி மூலமாகத் தாங்களாகவே அங்கே சேர்ந்துவிட்டார்கள். மார்கழியார் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் உள்ளூர்த் தையல் மிஷின்காரர்களுக்கும் நடுவே நின்று, அவருடைய கோபத்தை இவர்களுக்கும் இவர்களுடைய சமாதானத்தை அவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லும் உத்தியோகம் அது. திங்கள் முதல் சனி வரை திருப்பூர். சனி இரவு கடைசி பஸ்ஸில் கொமரலிங்கம்.

திருப்பூரில் குளிர்காலம் சித்திரை வைகாசியில் வருகிறது. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் ஐப்பசி கார்த்திகையில் கடையில் தொங்க வேண்டிய தடித்த உடுப்புகளை, கப்பல் பயணத்துக்கும் பையரின் மனமாற்றங்களுக்கும் இடம் விட்டு, அக்கினி நட்சத்திரத்திலேயே வெட்டித் தைத்தாக வேண்டும். இங்கே மார்கழிப் பனி இறங்கி நாமெல்லாம் மப்ளரைத் தேடும்போதோ, அங்கே மிஷின்களில் அடுத்த கோடைக்கான கையில்லாத பனியன்கள் ஓடிக்கொண்டிருக்கும். இப்படி இருபது வருஷம் பிறருடைய குளிர்காலத்தை வியர்வை சொட்டச் சொட்டத் தைத்து அனுப்பிக்கொண்டே இருந்த ஒரு மனிதருக்கு, பையர் அனுப்பும் படங்களில் பனி மூடிய கூரையையும் கணப்படுப்பையும் தொப்பி போட்ட குழந்தைகளையும் பார்த்துப் பார்த்து, தமக்கென்று ஒரு குளிர்காலம் வேண்டும் என்ற ஆசை உதயமானதை நான் குற்றமாகக் கருதவில்லை. தம்மிடம் கைவசம் இருந்த ஒரே குளிர்காலச் சரக்கு தம் பிறந்தநாள்தான் என்பதை அவர் கண்டுகொண்டார். அவ்வளவே.

முதல் வருஷத்து வைபவத்துக்கு ‘வெண்பனி உலகம்’ என்று தலைப்பு. தலைப்பில்லாமல் பிறந்தநாள் கொண்டாடுவது இப்போது அநாகரிகமாம்; அதற்கு ‘தீம்’ என்று பெயர். உடுமலைப் பக்கத்து ஸ்பின்னிங் மில் ஒன்றிலிருந்து கழிவுப் பஞ்சை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, களத்து மேட்டிலிருந்து கிணற்றடி வரை பரப்பி, தென்னை மரங்களின் அடியில் குவித்து, மாட்டுத் தொழுவத்தின் கூரையிலும் தூவியிருந்தார். விடியற்காலம் பார்க்க உண்மையிலேயே ரமணீயமாக இருந்தது. அவருடைய தாயார் சாணிக் கூடையோடு வெளியே வந்து, வாசலைப் பார்த்து, ஒரு க்ஷணம் திகைத்து நின்று, “ஏங்கண்ணு, மெத்தை கிழிஞ்சு போச்சா?” என்று கேட்டார். எட்டு மணிக்குள் கோழிகள் பனியைக் கிளறிவிட்டன. வந்த விருந்தினர் யாவருக்கும் வாசலிலேயே ஆளுக்கொரு தலைமுக்காட்டுச் சட்டை வழங்கப்பட்டது. ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு, லேபிள் கத்தரித்தது, உட்புறம் பஞ்சு போல் மெத்தென்றிருக்கும் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஃப்ளீஸ். பகல் பன்னிரண்டு மணிக்குக் கேக் வெட்டினார்கள். கொமரலிங்கத்து மார்கழிக்கு விடியலில்தான் குளிர் உண்டு. நடுப்பகலில் அது வெறும் வெயில்காலம். அந்தச் சட்டைக்குள் நான் அனுபவித்ததை விஸ்தரிக்க விரும்பவில்லை. திருப்பூரிலிருந்து வந்திருந்த சக ஊழியர் ஒருவர் மட்டும், “மே மாசம் பேக்கிங் செக்ஷன்ல இருக்கிற மாதிரியே இருக்குதுங்க” என்று பெருமூச்சு விட்டார். மறு வருஷத்திலிருந்து மார்கழியார் 160 ஜி.எஸ்.எம். மெல்லிய பனியன் துணிக்கு இறங்கிவிட்டார். இந்தச் சிறு விஷயம் பின்னால் உபயோகப்படும்.

அந்தச் சட்டைகள் வீணாகப் போனதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் எந்தப் பனியனும் வீணாவதில்லை. கரும்புக்கு மடை திருப்பிக்கொண்டிருக்கும் பெரியவர் மார்பில் ‘உலகத்தின் மிகச் சிறந்த பாட்டி’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன். அவர் அதை அறியார், அறிந்தாலும் கழற்றமாட்டார்.

தீம் நிச்சயமானபின் மார்கழியாரின் வீடு கம்பெனியாகிவிடுகிறது. ‘டி அண்ட் ஏ’ என்று அவர்கள் சொல்லும் கால அட்டவணையொன்று கார்த்திகை முதல் தேதியே சமையலறைச் சுவரில் ஏறிவிடும்: அழைப்பு என்றைக்கு, துணி என்றைக்கு, கேக் என்றைக்கு, மாமனாருக்கு முறையாகச் சொல்வது என்றைக்கு. ‘பச்சை உடை அணிந்து வரவும்’ என்று பொதுவாகச் சொன்னால் அவருக்குத் திருப்தியில்லை. நிறங்களுக்கு எண் போட்ட பான்டோன் அட்டையிலிருந்து ஓர் எண்ணைக் குறிப்பிட்டு, அந்த நிறத்தில் அவரவர் வைத்திருக்கும் துணியைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பும்படி கேட்டுக்கொள்வார். சாயப் பட்டறை அனுப்பும் ‘லேப் டிப்’ என்னும் நிறத் துணுக்குக்குச் சொல்லுகிற மாதிரியே பதிலும் வரும். ‘சற்று மஞ்சள் தூக்கலாக இருக்கிறது, மறுபடி அனுப்பவும்’ என்று எனக்கே ஒருமுறை வந்தது. கேக்குக்கும் முதலில் ஒரு சாம்பிள் செய்து கொடுக்க வேண்டும். பேக்கரிக்காரர் கால் கிலோவில் செய்து கொண்டுவந்ததை மார்கழியார் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, டேப் வைத்து விட்டம் அளந்து, ஓரத்தில் கிரீம் மேடு பள்ளமாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, அதன்பின்தான் பல்க்குக்கு அனுமதி கொடுத்தார். பேக்கரிக்காரர் இன்றுவரை அந்த வீதியில் தலை குனிந்துதான் போகிறார்.

விருந்தோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இராது. பிறந்தநாளையொட்டி ஒரு கலா யாத்திரையும் உண்டு. கொச்சியில் 2012-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆம் தேதி தொடங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் மார்கழி தையைத் தழுவி நடந்துவரும் கொச்சி முசிறி பியன்னாலே என்னும் சமகாலக் கலைக் கண்காட்சி, ஏதோ தம் பிறந்தநாளை விசாரித்துக்கொண்டே ஏற்பாடு செய்யப்பட்டது போல அவருக்குத் தோன்றிவிட்டது. வேன் ஒன்று அமர்த்தி, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் வழியாகக் குடும்ப சகிதம் போனோம். மார்கழியார் ஒவ்வொரு படைப்பின் எதிரிலும் அரை நிமிஷம் நிற்பார். பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கச் சீட்டின் எதிரில் ஐந்து நிமிஷம் நிற்பார். வெந்நீரில் துவைக்கலாமா, நிழலில் உலர்த்த வேண்டுமா என்று லேபிள் படித்துப் பழகிய கண்.

அன்றைய யாத்திரையில் மெய்யான ரசிகர் அவருடைய மாமனார்தான். அவர் வெல்ல வியாபாரி. அப்போது கண்காட்சியின் பிரதான இடமாக இருந்த ஆஸ்பின்வால் மாளிகை, 1867-இல் ஓர் ஆங்கில வர்த்தகர் ஸ்தாபித்த கம்பெனியின் பழைய கிடங்கு. மிளகும் இஞ்சியும் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் கப்பலேறிய இடம். மாமனார் சித்திரங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூரையின் மரச் சட்டங்களை எண்ணினார், தரையைக் கட்டைவிரலால் அழுத்தி ஈரம் பார்த்தார், சுவரோரமாக மூக்கை வைத்து நெடுநேரம் நின்றுவிட்டு, “மாப்ளே, காத்தோட்டம் பாத்தீங்களா? இதுல ஆயிரம் மூட்டை வெல்லம் வெச்சாலும் ஒண்ணு இளகாதுங்க” என்றார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார யுவதி ஒருத்தி அவர் ஏதோ கலை நுட்பத்தை வியாக்கியானம் செய்கிறாரென்று நினைத்துத் தானும் அதே சுவரை முகர்ந்து பார்த்தாள்.

பியன்னாலே இல்லாத வருஷத்தில் சென்னைப் பக்கம் சோழமண்டலத்துக்குப் போனார்கள். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணாக்கர்களும் கடலோரத்தில் அமைத்த கலைஞர் கிராமம் அது. படம் விற்றுப் பிழைக்க முடியாத அந்தக் காலத்தில், மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளைச் செய்து விற்றே அவர்கள் காலூன்றினார்கள் என்று கேள்விப்பட்ட க்ஷணத்தில் மார்கழியாருக்குக் கலையின்மேல் இருந்த மரியாதை இருமடங்காகிவிட்டது. “ஜாப் ஒர்க் பண்ணித்தானுங்க நின்னிருக்காங்க!” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருஷத்து தீம் ‘மழைக்காடு’. வெளியூருக்குப் போகாமல், 1957-இல் கட்டி முடித்த நம் அமராவதி அணைக்கே போய், முதலைப் பண்ணையில் உட்கார்ந்து எல்லோரும் படம் வரைவதென்று திட்டம். திருப்பூர் விருந்தினர்கள் மடத்துக்குளத்தில் பஸ் இறங்க, நாங்கள் கொமரலிங்கத்திலிருந்து போய் எதிர்கொண்டழைத்து, அங்கிருந்து புறப்பட வேண்டும். காலை ஏழு மணிக்கு, உடுமலை பழனி ரஸ்தாவில், ஒரே பச்சையில் பனியன் போட்டுக்கொண்டு, தோளில் துணிப்பையும் கையில் வரைபலகையுமாக முப்பது பேர் நிற்கிறோம். மார்கழி கடைசியில் பச்சை கட்டிக்கொண்டு அந்தச் சாலையில் நிற்கிறவர்களை உலகம் யாரென்று நினைக்கும்? பழனிக்கு நடந்து போகிறவர்களுக்காகப் பந்தல் போட்டுப் பொங்கல் வழங்கிக்கொண்டிருந்த ஒரு தர்மவான், “வாங்க சாமி, வாங்க சாமி” என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். விளக்கம் சொல்ல மார்கழியார் வாயைத் திறந்தார். அதற்குள் இலை விழுந்துவிட்டது. பொங்கல் பிரமாதம். நான் இரண்டாம் முறையும் வாங்கினேன் என்பதை மறைப்பானேன்?

எழுந்து கை கழுவும்போது ஒரு கிழவி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்துச் சிறுத்துப் போயிருந்த பத்து ரூபாய் நோட்டு ஒன்றையும் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றையும் எடுத்து மார்கழியார் கையில் வைத்து, “என்னால மலையேற முடியலீங்க சாமி. இத என்ற பேரச் சொல்லி உண்டியல்ல போட்டுருங்க” என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். பெயரைச் சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்கலாமென்று தேடினால் ஆளைக் காணவில்லை.

முதலைகள் மாடல்கள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தன. மூன்று மணி நேரம் ஒன்றும் அசையவில்லை. ஆனால் மார்கழியாரின் காகிதத்தில் ஒரு கோடும் விழவில்லை. பையிலிருந்த பதினொரு ரூபாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எழுந்து, அட்டவணைப்படி நாலு மணிக்கு வெட்ட வேண்டிய கேக்கைத் தம் சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒத்திவைத்தார். “ஆர்டரைக் கையில வாங்கியாச்சுங்க. இனி டெலிவரி குடுக்காம இருக்க முடியுமுங்களா?” என்றார். வேன் பழனிக்குத் திரும்பியது.

693 படிகளையும் ஏறியே ஆக வேண்டுமென்றார். நடந்து போகிறவர் என்று நம்பித்தானே கொடுத்தாள்? நானும் அவருடைய தாயாரும் விஞ்சில் ஏறி முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டோம். அவர் மேலே வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. உண்டியலின் எதிரில் கண்ணை மூடி, பெயர் தெரியாத அந்தப் பெயரை எப்படியோ சொல்லிப் போட்டுவிட்டு வெளிப்பிராகாரத்துக்கு வந்தார். கொடைக்கானல் மலைப் பக்கத்திலிருந்து மார்கழிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. வியர்வையில் நனைந்த 160 ஜி.எஸ்.எம். பச்சைப் பனியன் முதுகில் ஒட்டிக்கொள்ள, இருபது வருஷம் கண்டங்கள் தோறும் குளிர்காலச் சட்டை அனுப்பிய மனிதர் பல் கிட்டிப் போய் நின்று, “குளிருதும்மா” என்றார். அதில் தீம் ஏதும் இல்லை.

“பொறந்தன்னிக்கும் இப்பிடித்தான் வெடவெடன்னு நடுங்குன” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் தம் நூல் சேலையின் முந்தானையை இழுத்து அவர் தலையையும் தோளையும் சுற்றிப் போர்த்தினார். அவர் கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக அதற்குள் ஒடுங்கிக்கொண்டார். சற்று நேரம் கழித்துப் பார்க்கிறேன்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே முந்தானையின் ஓரத்தை வைத்து மெதுவாகத் தேய்த்து, அது எத்தனை ஜி.எஸ்.எம். இருக்கும் என்று மார்கழியார் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்.