காசிக்குப் போகும் புளியோதரை

பெரம்பலூர் மாவட்டக் குன்னத்திலிருந்து காசிக்குக் கும்பலாகக் கிளம்பினால் முதல் சோதனை, ரயிலைக் கண்ணால் பார்ப்பதுதான். பெரம்பலூர் நகருக்கே ரயில் நிலையம் கிடையாது. அரியலூருக்குப் பஸ் ஏற வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது. லோயர் பெர்த்துக்காகக் குழுவுக்குள் சண்டை போட இருந்த அவகாசமும் பாதியாயிற்று. முட்டிவலி சொல்லாத பக்தரே இல்லை. விஜயவாடா தாண்டுவதற்குள் புளியோதரைக் கோஷ்டி, தயிர்சாதக் கோஷ்டி என்று கட்சி பிரிந்துவிடும். நாக்பூர் வந்தால் ஆரஞ்சு. ஊர்ப் பழக்கடையில் பார்த்தே இராததுபோல் ஜன்னல் வழியே பேரம்.

காசியில் பிடித்த காயொன்றை விட்டுவிட வேண்டுமாம். பெரியப்பா பாகற்காயை விட்டார். கங்கைக் கரை என்றும் பாராமல் பெரியம்மா கேட்டார்: "அத எப்ப நீங்க வாயில வச்சீங்க?"