கைக்குட்டையும் தோள்துண்டும்

ஜாஸ் சங்கீதத்தின் முதல் மகாராஜா என்று நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் பட்டி போல்டனைச் சொல்வார்கள். அவர் ஊதியது கார்னெட், அதாவது டிரம்பெட்டின் குட்டைத் தம்பி. ஊதினால் ஊருக்கு வெளியே இருப்பவனுக்கும் கேட்கும் என்பது பேச்சு. நிரூபிக்கத்தான் ஒரு இசைத்தட்டுகூட இல்லை. 1907இல் மனநல மருத்துவமனைக்குப் போனவர், 1931இல் அங்கேயே இறந்தார். ராஜா உள்ளே போனதும் காலியான சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தவர் ஃபிரெடி கெப்பார்ட்.

இந்த ராஜாவுக்கு ஒரே ஒரு பயம். தன் வித்தையை எவனாவது திருடிக்கொண்டு போய்விடுவான்! அதனால் வாசிக்கும்போது விரல்களின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொள்வாராம். கார்னெட்டில் இருப்பதே மூன்று வால்வு. அந்த மூன்றைப் பார்த்துத் திருட ஊரே திரண்டு வரும் என்று நம்பிய மனிதருக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. சந்தேகம் என்னவோ கைக்குட்டை வைத்த அளவுக்கு இருந்தது. தாகம் அதைவிட அதிகம். குடிப்பதில் அவர் யாருக்கும் சிம்மாசனம் விட்டுக்கொடுக்கவில்லை.

கெப்பார்டின் ஒரிஜினல் கிரியோல் குழு 1914இலிருந்து நாலு வருஷம் அமெரிக்கா முழுக்க மேடை மேடையாக ஏறி இறங்கியது. இடையில் விக்டர் கம்பெனி கூப்பிட்டு, வாருங்கள், இசைத்தட்டுப் போடலாம் என்றது. கெப்பார்ட் முடியாது என்றுவிட்டார். தட்டு வெளியே போனால் கண்டவனும் வாங்கி வீட்டில் உட்கார்ந்து காப்பியடிப்பானே! கூட வாசித்தவர்கள் சொன்ன காரணம் வேறு: சோதனைக்காக ஒரு பதிவு செய்து பார்ப்போம், அதற்குச் சம்பளம் கிடையாது என்று கம்பெனி சொன்னதாம். எனக்கு இந்த இரண்டாவது காரணத்தின் மேல்தான் மரியாதை. 'சும்மா ஒரு பாட்டு வாசித்துக் காட்டுங்களேன்' என்ற வாக்கியத்தைக் கேட்காத கலைஞன் எந்தக் கண்டத்திலும் இல்லை. 1917 பிப்ரவரியில் ஐந்து வெள்ளைக்காரர்கள் அதே விக்டரிடம் போய் ஊதிவிட்டு வந்தார்கள். உலகத்தின் முதல் ஜாஸ் இசைத்தட்டு அவர்கள் கணக்கில் ஏறியது.

கெப்பார்டைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இங்கே மலேசியாவில் பண்டமாரான் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வரலாம். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்த நாதஸ்வரக்காரர் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மண்டபத்திலோ ஒரு பென்டிரைவ் கம்பீரமாகக் கல்யாணி வாசித்துக்கொண்டிருக்கும். தாலி கட்டுகிற நேரத்துக்கு அவரைக் கைகழுவ வைத்துக் கூப்பிடுவார்கள். அப்போதும் கெட்டிமேளத்துக்குத் தலையசைக்க வேண்டியவர் ஐயர் இல்லை, வீடியோக்காரர்.

கெப்பார்ட் பிறந்து எட்டு வருஷம் கழித்து, 1898 ஆகஸ்டில், தஞ்சை மண்ணில் திருமருகலில் பிறந்தார் இன்னொரு ராஜா, டி.என். ராஜரத்தினம் பிள்ளை. தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பேர்போன நாதஸ்வர வித்வான். மருமகன் முதலில் பாட்டுக்காரராகத்தான் கிளம்பினார். பிறகுதான் குழாயைக் கையில் எடுத்தார். நல்லவேளை. அவர் பாடகராகவே இருந்திருந்தால் அவர் குழாயில் பேர்பெற்ற தோடி ராகம் கொஞ்சம் ஓய்வாக இருந்திருக்கும், நமக்குத்தான் நஷ்டம்.

அந்தக் காலத்து நாதஸ்வரக்காரருக்கும் ஒரு துணிப் பிரச்சினை இருந்தது, கெப்பார்டுக்கு நேர் எதிர்த் திசையில். ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்னால் தோளில் துண்டு போடக்கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஊர்வலத்தில் நின்றும் நடந்தும் மணிக்கணக்காக ஊத வேண்டும், வேர்வை மட்டும் வரக்கூடாது. 1930இல் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து வாசித்துக்கொண்டே வருகிறார்; வேர்வை துடைக்கத் தோளில் துண்டு. எடு அதை என்றார்கள் சில பெரியவர்கள். எடுக்காதே, வாசி என்றார் கூட நடந்து வந்த சுயமரியாதைக்காரர் பட்டுக்கோட்டை அழகிரி. தகராறு முற்றியது, துண்டு தோளிலேயே இருந்தது.

ராஜரத்தினம் இந்த வழக்குக்கு வேறு மாதிரி தீர்ப்பு எழுதினார். துண்டா வேண்டாம் என்கிறீர்கள்? சரி, ஷெர்வானி போட்டுக்கொள்கிறேன்! குடுமியை எடுத்துவிட்டு கிராப் வைத்தார். விரல்களில் மோதிரம், காலில் பூட்ஸ். தோளில் கிடக்கும் துண்டை எடு என்று சொல்லலாம். பொத்தான் போட்ட ஷெர்வானியைக் கழற்று என்று எந்த மிராசுதார் சொல்வார்? பாட்டுக்காரருக்கு மேடை போட்டால் எனக்கும் மேடை, அவர் உட்கார்ந்தால் நானும் உட்காருவேன் என்றார். பக்கத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு கன்னம் வீங்க நின்ற ஒத்துக்காரரை அனுப்பிவிட்டு, கச்சேரிப் பாடகர்களைப் போலத் தம்புராவை வைத்துக்கொண்டார். நேரத்துக்கு வருவது மட்டும் அவருடைய சீர்திருத்தப் பட்டியலில் கடைசிவரை இடம்பெறவில்லை. காத்திருந்து திட்டியவர்கள் தோடி ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டார்கள் என்பது பழைய ரசிகர்கள் எல்லோரும் சொல்கிற கதை.

கூட்டாளிகளைப் பிடிப்பதில் மனிதர் மன்னன். தவிலுக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, அவரும் தன் வாத்தியத்தில் ஒரு ராஜா. இரண்டு ராஜாக்கள் ஒரே மேடையில் உட்கார்ந்தால் அரசியலில் போர் வரும், இங்கே தனி ஆவர்த்தனம் வந்தது. பழைய திமிரி நாதஸ்வரம் குட்டை. சுருதி உச்சத்தில் நிற்கும். சுத்த மத்தியமம் சுத்தமாக விழாது. கருவி சரியில்லை என்றால் மற்றவர்கள் பழகிக்கொள்வார்கள். இவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைப் பிடித்துக்கொண்டார். ஆச்சா மரத்தைக் கடைந்து, துளைகளை மாற்றி, நீளமான பாரி நாதஸ்வரம் வந்தது. சுருதி இறங்கியது, மத்தியமமும் வழிக்கு வந்தது. நரசிங்கம்பேட்டைக் குழாய்க்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் கூட்டணிகளிலேயே உச்சம் 1940இல். படத்தின் பெயர் 'காளமேகம்'. இயக்கம் எல்லிஸ் ஆர். டங்கன், ஒஹையோ மாநிலத்து அமெரிக்கர், எம்.ஜி.ஆரை முதல் படத்தில் இயக்கியவர், தமிழ் தெரியாது. வசனம் பாரதிதாசன், தமிழ் நன்றாகத் தெரியும், சாமிதான் ஆகாது. கதையோ அம்மன் வாயிலிருந்து தாம்பூலம் வாங்கிக் கவிஞனான கோயில் மடைப்பள்ளிக்காரனைப் பற்றியது. கதாநாயகன் ராஜரத்தினம். ஒரு அமெரிக்கர், ஒரு சுயமரியாதைக்காரர், ஒரு நாதஸ்வரக்காரர் மூவரும் சேர்ந்து ஒரு சிலேடைப் புலவனைப் பிடிக்கக் கிளம்பினார்கள். புலவன் அகப்படவில்லை, வசூலும் அகப்படவில்லை. டங்கன் நம்ம ஆளை விட்டுவிட்டு 'மீரா'வுக்குப் போனார், நம்ம ஆள் தோடிக்குத் திரும்பினார்.

1947 ஆகஸ்ட் 14, சுதந்திரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், திருவாவடுதுறை ஆதீனத்தின் குழு டில்லியில் நேருவின் வீட்டுக்கு ஊர்வலமாகப் போனது. அந்தப் பயணத்தின் நாதஸ்வரம் ராஜரத்தினம். ஊர்வலத்தில் முன்னால் போகிறவர் யார் என்ற கேள்வியில் நாதஸ்வரக்காரருக்கு எப்போதும் ஒரு வசதி உண்டு: ஆதீனத் தலைவரான மகாசன்னிதானமே வந்தாலும் பின்னால்தான் வர வேண்டும்.

கைக்குட்டை விஷயத்தில்தான் இரண்டு ராஜாக்களும் பிரிகிறார்கள். கெப்பார்ட் மூடி வைத்தார். 1926இல் சிகாகோவில் தன் ஜாஸ் கார்டினல்ஸோடு, ஜானி டாட்ஸின் கிளாரினெட் துணையோடு தட்டுப் போட்டபோது, லூயி ஆம்ஸ்ட்ராங் அதே ஊரில் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். 1933இல் கெப்பார்ட் காசநோயில் போய்ச் சேர்ந்தார். ராஜரத்தினமோ தோடியைத் தட்டில் போட்டு வீதிக்கு விட்டார், முடிந்தால் திருடிக்கொள்ளுங்கள் என்பதுபோல. திருடப் பார்த்தவர்கள் ஏராளம். சீடர் காருகுறிச்சி அருணாசலத்துக்கு மட்டும் வீட்டுச் சாவியே கிடைத்தது. 1956 டிசம்பரில் குரு போனார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அவர் வீட்டுக்கு வழி கேட்டு வரவேயில்லை. 1962இல் 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகி குரலோடு காருகுறிச்சியின் குழாய் ஓடிப்பிடித்து விளையாடியது, தமிழர் இருக்கிற தோட்டம் துறையெல்லாம் கேட்டது.

அடுத்து 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. உண்மையான மேதை கதாநாயகனாக நடித்த படம் படுத்துவிட்டது. ஒரு நடிகர் மேதையாக நடித்த படம் சக்கைப்போடு போட்டது. ஊதியவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கன்னத்தை உப்பியவர் சிவாஜி. இன்றைக்கும் பண்டமாரானில் மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றிக் குடிக்கிற பெரியவர்களிடம் நாதஸ்வரத்தில் பெரிய வித்வான் யார் என்று கேளுங்கள். ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சொல்வார்கள்: "சிவாஜிதான்லா, வேற யாரு?"