டை படுத்திய பாடு

லண்டன்,
26-11-1953

மகாராஜராஜஸ்ரீ மாமா அவர்களுக்கு அநேக நமஸ்காரம். என் ஜலதோஷத்தைத் தவிர இவ்விடம் சகலமும் க்ஷேமம்.

தாங்கள் கும்பகோணத்தில் தைப்பித்துக் கொடுத்த வெள்ளை உடுப்பை, முதல் தரிசனமே பிரமாதமாயிருக்க வேண்டுமென்று பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வந்து, டில்பரித் துறைமுகத்தில் இறங்கும் அன்றுதான் அணிந்தேன். கறுப்பும் சாம்பலுமாய் நின்ற அந்த ஜனசமுத்திரத்தில் காக்கைக் கூட்டத்தில் அகப்பட்ட கொக்காய் நான் விளங்க, சுமை தூக்குகிறவனோ என்னைக் கப்பல் பரிசாரகன் என்றெண்ணி, பின்னால் வந்த கனவானிடம் ஓடிவிட்டான். 1888-ஆம் வருஷத்தில் காந்திஜியும் இப்படியே வெள்ளை உடுப்பில் வந்திறங்கி வெட்கப்பட்டதும், பிற்பாடு 19 ஷில்லிங்கிற்குத் தொப்பியும் 10 பவுனுக்கு பாண்டு தெரு உடுப்பும் வாங்கிக் கனவானாகப் பார்த்ததும், தாங்கள் கொடுத்தனுப்பிய அவருடைய சுயசரிதையிலேயே இருக்கின்றன. நான்தான் அதை உடுப்புக்கு அடியில் வைத்திருந்தேன். அதே மனிதர் 1931-இல் அரைவேஷ்டியும் சால்வையுமாய் பக்கிங்ஹாம் அரண்மனைக்கே போய்வந்தார் என்பது வாஸ்தவந்தான். ஆனால் அதற்கு அவருக்கு 43 வருஷம் பிடித்தது, என் படிப்போ இரண்டே வருஷம்.

ஆகவே சாம்பல் நிறச் சூட்டு ஒன்று வாங்கி, அதன் சோகத்தைக் குறைக்க, மாமியின் கொரநாட்டுப் புடவையை நினைவூட்டிய, கருநீலத்தில் அரக்குக் கோடு ஓடும் டை ஒன்றையும் கட்டிக்கொண்டு ஒரு விருந்துக்குப் போனேன். நரைமீசைக் கிழவர் ஒருவர் என் கழுத்தைக் கண்டதும் எழுந்து கைகுலுக்கிப் பக்கத்தில் உட்காரவைத்து, “எந்தப் பட்டாளம்?” என்று பிரியமாய் விசாரிக்க, ஊரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “கும்பகோணம்” என்றேன். அவர் முகத்தில் சூரியன் அஸ்தமித்துவிட்டது.

வீட்டுக்கார அம்மாள் பிறகு விளக்கினாள்: இங்கே டையின் கோடுகள் வெறும் அலங்காரமல்ல, ஒவ்வொரு பள்ளிக்கும் கிளப்புக்கும் பட்டாளத்துக்கும் தனித்தனி வர்ணமுண்டு, நான் அணிந்தது அரண்மனைக் காவற் பட்டாளத்தாருடையது. வடகலை நாமத்தோடு தென்கலைக் கோஷ்டியில் உட்கார்ந்துகொண்டு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவனை நம்மூரில் என்ன செய்வோம்? கிழவர் எவ்வளவோ தேவலை. (வெயிஸ்ட்கோட்டின் கடைசிப் பொத்தானைப் போடுவதுகூட அபசாரமாம், ஏழாம் எட்வர்டு மன்னரின் தொந்தியே அதற்கு மூலகாரணம் என்கிறார்கள்.)

கோடே வேண்டாமென்று நேற்று கறுப்பு டை கட்டினேன். அம்மாள் குரலைத் தாழ்த்தி, பங்கீட்டு வெண்ணெயில் தன் பங்கையும் என் ரொட்டியில் தடவிவிட்டு, “காலமானது யார்?” என்றாள். கறுப்பு டை இங்கே துக்கச் சின்னமாம். வெண்ணெயைத் திருப்பிக் கொடுக்கவும் மனமில்லாமல், உண்மையைச் சொல்லவும் நாவெழாமல், “மாமா” என்றுவிட்டேன். தாங்கள் தீர்க்காயுசாய் இருக்கவேண்டும். இனி வரும் கடிதங்களின் மேல் அனுப்புகிறவர் பெயரை மட்டும் மாமியின் பெயராய்ப் போடும்படி பிரார்த்திக்கிறேன்.

தங்கள் மருமான்